ஆகாரமும் சரும ஆரோக்கியமும்
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கூட்டுறவுச் சங்கம் கூடும்போது வழக்கமாகப் பேசப்படுபவை கடன், வட்டி, விதை, உரம், தவணை தவறிய பாக்கி ஆகியவையே. தோலைப்பற்றிப் பேச இங்கு என்ன இடம் என்று சிலருக்குத் தோன்றலாம். எந்தக் கிராமத்துச் சந்தையை வேண்டுமானாலும் பார்க்கட்டும். ஒரு பக்கத்தில் குடியானவர்கள் முருங்கைக்கீரையையும், முட்டையையும், எள்ளையும், நிலக்கடலையையும் விற்றுக்கொண்டிருப்பார்கள். மறு பக்கத்தில் சொறிக்கும், வெடிப்புக்கும், வாய்ப்புண்ணுக்குமென்று களிம்புகளும் தைலங்களும் விலைபோய்க்கொண்டிருக்கும். கீரை விற்ற காசு களிம்புக்காரனிடம் போய்ச் சேருகிறது. அந்தக் களிம்பால் தீராத உபத்திரவத்துக்கு மருந்து, பல சமயங்களில், விற்றுவிட்டு வந்த கூடையிலேயே இருந்தது. இப்படிப்பட்ட வரவுசெலவைப் பரிசோதிப்பது சங்கத்துக்கு உரிய காரியந்தான்.

ஆயினும் தோலில் காணும் எல்லாக் கோளாறுகளும் ஆகாரக் குறைவினால் வருபவை என்று எண்ணிவிடலாகாது. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் அதிகமாக அரிக்கும் சிரங்கு, தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் ஒரு நுண்ணிய பூச்சியால் உண்டாவது. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டு, துணிகளையும் படுக்கையையும் வெந்நீரில் துவைத்தாலன்றி அது போகாது. பாலும் பழமும் அதனை ஒன்றும் செய்யமாட்டா. படர்தாமரை ஒருவகைக் காளானின் வேலை. நிறம் வெளுத்து உணர்ச்சியற்றுப்போன தேமலைக் கண்டால் ஒரு நாளும் தாமதியாமல் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அது தொழுநோயாக இருப்பின், 1981-ம் வருஷம் முதல் உலக சுகாதார ஸ்தாபனம் சிபார்சு செய்துவரும் கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகக்கூடியது. இவற்றை நீக்கிப் பார்த்தால் எஞ்சி நிற்கும் கோளாறுகளே இங்குப் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தோல் என்பது தேகத்தின்மேல் போர்த்த வெறும் போர்வை அன்று. மேல் தோலின் அணுக்கள் அடியிலே பிறந்து, மெல்ல மெல்ல மேலேறி, உலர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடுகின்றன. ஆகவே ஒரு மனிதனுடைய மேல் தோல் இடைவிடாமல் புதிதாகக் கட்டப்பட்டு வருகிறது. கட்டடத்துக்குச் செங்கல் எப்படியோ அப்படியே இதற்குப் பருப்பு, பால், முட்டை, மீன் முதலியவற்றிலுள்ள புரதச் சத்து. செங்கல்லை அடுக்கும் கொத்தனைப் போன்றவை வைட்டமின்கள் என்னும் ஜீவசத்துக்கள். வாய், தொண்டை, குடல், கண்ணின் வெண்மை ஆகியவற்றை மூடியுள்ள மெல்லிய சவ்வும் இவ்வாறே வேகமாகப் புதுப்பிக்கப்படுவது. வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடத்தில் சரக்கு குறைந்தால் முதலில் அங்கேதான் பழுது தெரியும். உள்ளே ஈரலிலோ இரத்தத்திலோ ஏற்பட்ட வறுமையைக் கண்ணால் காண இயலாத தாயார், பிள்ளையின் தோலையும் கடைவாயையும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இதற்குத் தென்னாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. பிள்ளைகளின் முழங்கையின் பின்புறத்திலும், முழங்காலிலும், தொடையின் வெளிப்புறத்திலும் மயிர்க்கால்கள் தோறும் முள்முள்ளாகத் தடித்து, தடவினால் அரம்போல் சொரசொரக்கும். அரிப்பு இராது, ஆகையால் எவரும் பொருட்படுத்துவதில்லை. இலங்கையில் வைத்தியராயிருந்த லூஷியஸ் நிக்கல்ஸ் என்பவர் 1933-ம் வருஷத்தில் இதனை விவரித்து எழுதி, கிரேக்க பாஷையில் தேரையின் தோல் என்று பொருள்படும் பெயரை இட்டார். ஏ வைட்டமின் குறைவே காரணம் என்பது அவருடைய கருத்து. தமிழ்நாட்டுக் கிராமங்களிலோ, கைகால் சூம்பி வயிறு பெருத்த குழந்தையைத் ‘தேரை விழுந்த பிள்ளை’ என்று சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. இரண்டும் ஒரே நோய் அல்ல. எனினும் ஆகாரக் குறைவுக்கு இரு பாஷைகளிலும் தேரையே அகப்பட்டது விநோதந்தான். மந்திரித்துக் கயிறு கட்டினால் தேரை ஓடுமென்று நம்பியதில் குழந்தைகள் பல மடிந்தன.

நீலகிரியில் கூனூரிலிருந்த ஆகார ஆராய்ச்சி நிலையம் இவ்விஷயத்தில் பெரும் பணி புரிந்தது. அதனை வளர்த்தவர் ராபர்ட் மக்காரிசன் என்னும் இராணுவ வைத்தியர். இந்தியாவின் பல பிரதேசத்தார் உண்ணும் ஆகாரங்களை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து அவர் சோதித்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் ஆகாரத்தைத் தின்ற எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பிரதானமாகிய சென்னை ஆகாரத்தைத் தின்றவை எல்லாவற்றிலும் நோஞ்சலாயின. இதைக் கேட்டுத் தமிழர் வெட்கப்படவேண்டியதில்லை. சோதிக்கப்பட்டது அரிசியை மலைபோல் குவித்து மற்றவற்றைத் தொட்டுக்கொள்ளும் தட்டே யன்றி, கேழ்வரகும் கம்பும் கீரையும் மோரும் கலந்த பழைய குடியானவன் சாப்பாடு அன்று. 1935-ல் மக்காரிசனுக்குப் பின் தலைமை ஏற்ற அய்க்ராய்டும் அவருடைய உதவியாளர்களும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைப் பரீட்சித்தபோது முக்கியமாகத் தேடிய அடையாளங்கள் மூன்று: கண்ணின் வெண்மையில் சோப்பு நுரைபோல் படியும் திட்டு, கடைவாய்ப் புண், மேற்சொன்ன தேரைத்தோல். அந்த நிலையம் பிற்காலத்தில் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயருடன் பணிபுரிந்து வருகிறது.

தேரைத்தோலுக்கு ஏ வைட்டமின் மாத்திரமே காரணம் அன்றென்பது பின்னர் விளங்கிற்று. 1929-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பர் என்னும் தம்பதிகள், கொழுப்பு அறவே இல்லாத தீனி கொடுத்த எலிகளின் தோல் செதில் செதிலாகி வால் வெடிப்பதைக் கண்டு, தேகம் தானாகச் செய்துகொள்ள முடியாத சில கொழுப்பமிலங்கள் உண்டென்று நிரூபித்தார்கள். கூனூரில் சி. கோபாலன் 1947-ல் தேரைத்தோலின் காரணங்களை மீண்டும் ஆராய்ந்தார். அதன் பிறகு நடந்த ஆராய்ச்சிகளில், அக் கொழுப்பமிலம் நிறைந்த எண்ணெயும் பி வகை வைட்டமின்களும் சேர்த்துக் கொடுத்தபோது சொரசொரப்பு மறைந்தது. இந்தக் கொழுப்பமிலம் எள்ளெண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கும், கடலையெண்ணெயில் அதற்குச் சற்றுக் குறைவாகவும் உள்ளது. தேங்காயெண்ணெயில் மிகச் சொற்பம். குழந்தைக்கு நல்லெண்ணெய் தேய்த்து உருவும் பாட்டிமாரைப் படித்தவர்கள் சிலர் பரிகசிப்பதுண்டு. எண்ணெயிலுள்ள அச் சத்தில் சிறிது தோல் வழியாகவே உட்செல்கிறது என்று இப்போது தெரிந்திருப்பதால் பரிகாசத்தைச் சற்று நிறுத்தி வைக்கலாம். ஆனால் எண்ணெயை மேலுக்குத் தேய்த்துவிட்டுச் சோற்றில் ஒரு சொட்டும் விடாதிருப்பது உசிதமன்று.

எண்ணெய்க்கு இன்னொரு காரியமும் உண்டு. முருங்கை, அகத்தி, தண்டு, அரைக்கீரை முதலிய கீரைகளிலும், மஞ்சள் பூசணியிலும், மாம்பழத்திலும், பப்பாளியிலும் ஏ வைட்டமினாக மாறக்கூடிய ஒரு வர்ணச் சத்து இருக்கிறது. அது கொழுப்பில் கரைவது. கீரையை வெறும் நீரில் வேகவைத்து உண்டால் பெரும்பகுதி வீணாகும். ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால் உடலில் சேரும். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை இவ்வாறு சமைக்கப்பட்டால், சிறு பிள்ளைக்கு அன்றன்று வேண்டிய ஏ சத்தைப் பெரும்பாலும் தந்துவிடும்.

இங்கே சருமப் பேச்சு உயிர்ப் பேச்சாக மாறுகிறது. ஏ சத்து குறையும்போது தோல் வறள்வதோடு நிற்பதில்லை. மாலையில் கண் மங்கும், வெள்விழி பளபளப்பை இழக்கும், முடிவில் கருவிழி உருகிக் குழந்தை குருடாகும். குடலையும் சுவாசப்பையையும் காக்கும் சவ்வு பழுதாவதால் பேதியும் கபமும் எளிதில் பற்றும். அந்நிலையிலுள்ள குழந்தைக்கு மணல்வாரி அம்மை கண்டால், கைவசமிருந்த கொஞ்ச ஏ சத்தும் சில நாட்களில் செலவாகிவிடும். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கலாகாது, எண்ணெய் சேர்க்கலாகாது, கீரை ஆகாது என்ற பத்தியம் பல ஊர்களில் இன்னும் அனுஷ்டிக்கப்படுகிறது. வேப்பிலை கட்டுவதிலும் அம்மனை வேண்டுவதிலும் யாதொரு கெடுதியுமில்லை. ஆனால் பட்டினிப் பத்தியமோ, கண் பறிபோகும் சமயத்தில் அதற்கு வேண்டிய ஒரே சத்தை வாசலில் தடுத்து நிறுத்துவதாகும். மணல்வாரி கண்ட குழந்தைகளுக்கு ஏ வைட்டமின் மருந்தை இரண்டு நாள் அடுத்தடுத்துக் கொடுக்கவேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுவிட்டால் அந்தக் கஷ்டமே நேராது.

அடுத்தது கடைவாய்ப் புண். உதட்டின் இரு ஓரங்களும் வெளுத்துப் பிளந்து, நாக்குச் சிவந்து வழவழப்பாகிக் காரம் பட்டால் எரிந்தால், பி வகையைச் சேர்ந்த இரண்டாவது வைட்டமின் குறைவென்று பெரும்பாலும் ஊகிக்கலாம். அது பாலிலும், மோரிலும், முட்டையிலும், கீரையிலும் உள்ளது. இங்குப் பால் சங்க அங்கத்தினர்கள் சற்றுக் கவனிக்கவேண்டும். முன்னாளில் வீட்டில் தயிர் கடைந்து வெண்ணெயை எடுத்து நெய்யாக விற்றார்கள், மோர் மிஞ்சிற்று, அதை ஊரார் யாவரும், மாடு இல்லாத கூலிக்காரருங்கூட, வாங்கிக் குடித்தார்கள். வெண்ணெய் போனாலும் புரதமும், சுண்ணாம்புச் சத்தும், இந்த இரண்டாவது பி சத்தும் மோரிலேயே தங்கிவிடும். பால் முழுதும் விடியற்காலையில் அளந்து வண்டியேறிவிடும் ஊரில் அந்த மோரும் இல்லை. நான்கு எருமை கட்டியுள்ள வீட்டுப் பிள்ளை கடுங்காப்பி குடிப்பதை எங்கும் காணலாம். பால் விற்பது தவறென்று எவரும் கூறார். கடன் அடைவதே அதனால்தான். கறக்கும் பாலில் குழந்தை ஒன்றுக்கு ஒரு தம்ளர் வீதம் முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியை அளப்பது என்னும் ஏற்பாட்டைச் சங்கமே தன் அங்கத்தினர்களுக்கு நிபந்தனையாக வைத்தாலும் மிகையாகாது.

பால் மறந்த குழந்தையைப்பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மறு குழந்தை பிறந்ததும் முதற் குழந்தை கஞ்சித் தண்ணீருக்கு மாறுகிறது. சில மாதங்களில் கால் வீங்கும், முகம் உப்பும், மயிர் செம்பட்டையாகி இழுத்தால் கையோடு வரும், தோல் கறுத்துப் பழைய சுவர்ச் சுண்ணாம்புபோல் பொரிந்து உரியும். வீக்கத்தைப் பார்த்துப் பிள்ளை சதை போட்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்ட தாய்மார் உண்டு. காலை விரலால் அமுக்கிப் பார்க்கவேண்டும்; குழி விழுந்து மேலெழும்பாமல் நின்றால் உடனே வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லவேண்டும். இந்நோயை 1933-ல் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் தேசத்தில் சிஸிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் விவரித்து எழுதினார். பிறகு அந்நாட்டு ஜனங்கள் அதற்கு வழங்கிய பெயரையே வைத்திய உலகமும் ஏற்றுக்கொண்டது. தம்பி பிறந்ததால் தமையனுக்கு வரும் நோய் என்பதே அதன் பொருள். குழைந்த சோற்றில் பருப்பும், எண்ணெயும், மசித்த கீரையும் ஆறு மாதம் முடிந்ததிலிருந்தே சிறுகச் சிறுகக் கொடுத்து, தாய்ப்பாலையும் விடாமல் இரண்டு வயதுவரை தந்துவந்தால் இது அணுகாது. வறுத்துப் பொடித்த நிலக்கடலையும் மிக நல்லது. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு புரதம் அதில் உண்டு. ஆனால் பூஞ்சணம் பூத்த கடலையை மனிதருக்கோ மாட்டுக்கோ கொடுக்கலாகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்கு, பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கின் விஷமே காரணமெனக் கண்டார்கள்.

சோளத்தையே பிரதானமாக உண்ணும் தக்காணப் பிரதேசத்தில், வெயில் படும் கைகளிலும் பாதங்களிலும் கழுத்தைச் சுற்றியும் தோல் கறுத்துத் தடிக்கும் ஒரு நோய் காணப்பட்டது. நயாஸின் என்னும் பி வைட்டமினைத் தேகம் பயன்படுத்துவதற்குச் சோளத்திலுள்ள ஒரு வஸ்து தடையாகலாமென்று 1960-ல் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் எழுதினார்கள். சோளத்தை விட்டொழிக்கவேண்டுமென்று இதற்கு அர்த்தமில்லை. எந்தத் தானியத்தையும் தனியே உண்ணலாகாது என்பதே அர்த்தம். ஒரு பிடி பருப்பும் சிறிது பாலும் கூடினால் சோளமும் நல்ல ஆகாரமே.

நெல்லிக்காயைப்பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தோலின் கீழ் உள்ள நார்களைக் கட்டுவதற்கும், புண் ஆறுவதற்கும், ஈறு உறுதிப்படுவதற்கும் சி வைட்டமின் அவசியம். அது இல்லாமல் மாலுமிகள் ஈறு அழுகி இறந்ததும், 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் பன்னிரண்டு நோயாளிகளில் இருவருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துச் சில நாளில் குணங்கண்டதும் பிரசித்தம். ஆரஞ்சைக் காட்டிலும் பன்மடங்கு சி சத்துடைய நெல்லி, காட்டோரத்தில் உதிர்ந்து கிடக்கிறது. அதே நெல்லியோ ஓர் எலுமிச்சம்பழத் துண்டோ கீரையுடனும் கேழ்வரகுடனும் சேர்ந்தால், அவற்றிலுள்ள இரும்புச் சத்தை இரத்தம் அதிகமாக ஏற்கும். சாப்பிட்டவுடன் தேநீரோ காப்பியோ குடித்தால் அந்த இரும்பு கழிவோடு போய்விடும். கண்ணிமையின் உட்புறமும் நகமும் வெளிறிய பெண்கள் முகப்பூச்சுக்குச் செலவழிப்பதைக் காட்டிலும் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது லாபகரமானது. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்துக்கு அரிசி எவ்விதத்திலும் ஈடாகாது: நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, தீட்டிய அரிசியில் பத்துகூட இல்லை.

கடைசியாக அரிசி. இது சங்கத்தின் கைக்குள் இருக்கும் விஷயமாதலால் சற்று விரித்துச் சொல்லத் தகுந்தது. ஜாவாவில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு கொடுத்ததும் எழுவதையும் கண்டறிந்தார். 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு அதே குறைவால் வரும் பெரிபெரி, பழைய சென்னை மாகாணத்தில் வடக்கே தெலுங்குக் கடற்கரை ஜில்லாக்களில் மிகுதியாக இருந்தது. தமிழ் ஜில்லாக்களில் அபூர்வம். இரு சாராரும் அரிசி உண்பவர்களே. யந்திரத்தில் தீட்டியதையே இரு சாராரும் உண்டார்கள். பேதம் ஒன்றுதான். வடக்கே பச்சரிசி; தெற்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின் நீரோடு அரிசிக்குள் ஊறிச் சென்று தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. வைட்டமின் என்ற வார்த்தை 1912-ல் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, அண்டாவில் நெல் அவித்த பெண்கள் இந்தப் பாதுகாப்பைச் செய்து வைத்திருந்தார்கள். அரிசி வெண்மையாக இருந்தால்தான் கௌரவம், கலியாணத்துக்குப் பச்சரிசிதான் தகும், அன்றாடத்துக்கும் அதுவே இருக்கட்டும் என்று வந்த நாகரிகம் அதைக் கலைக்கிறது.

அரிசியை ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் மிஞ்சியதையும் போக்கும் வழிகள். இருமுறை கழுவினால் போதும். வடித்த கஞ்சியை உப்பிட்டுக் குடிக்கலாம், அல்லது குழம்பில் சேர்க்கலாம். கழுநீர் மாட்டுக்குப் போவதால் மாடு கொழுக்கிறது.

அரவை யந்திரம் வைத்துள்ள சங்கங்கள், நெல்லை எத்தனை முறை யந்திரத்தில் விடுவது என்பதைத் தாமே தீர்மானிக்கலாம். ஒரே ஓட்டத்தில் உமி நீங்கிச் சிறிது தவிடு ஒட்டிய அரிசியைக் கொண்டுவரும் அங்கத்தினருக்கு அரவைக் கூலியில் கொஞ்சம் தள்ளிக்கொடுத்தால், வெண்மையின்மேலுள்ள மோகம் தானே தணியும். அரிசியும் அளவில் கூடும். தவிடு ஒட்டிய அரிசி வெகுநாள் இருந்தால் சிக்கு நாற்றமெடுக்கும் என்பது மெய்யே. ஆகையால் மாதத்துக்கு ஒருமுறை மாத்திரம் அரைத்துக்கொள்வது உத்தமம். எள்ளும் கடலையும் மொத்தமாக விற்கும்போது குடும்பத்துக்கு வேண்டிய எண்ணெய்க்கென்று ஒரு பங்கைச் சங்கச் செக்கில் ஆட்டி, கிரயத்தில் கழித்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்யலாம். கீரைக்கோ மூலதனமே வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் முறியும் முருங்கைக் கிளைகளை விறகில் சேர்க்காமல், மூன்று முழப் போத்துகளாக நறுக்கி, மேல் நுனியில் பசுஞ்சாணம் அப்பி, சங்கக் கட்டடத்தின் பின்புறமும் பள்ளிக்கூடத்து வேலியோரமும் கிணற்றடியிலும் நட்டு, வேர் பிடிக்கும்வரை நீர் ஊற்றி வந்தால், ஐப்பசி மழைக்குள் துளிர்த்துவிடும்.